பிள்ளை சாப்பிட மறுக்கிறதா?



“புள்ள ஒண்டுமே திங்குதில்ல. வாயில வெச்சாத் துப்புது. நிறையும் ஏறுதில்ல.”

கல்யாண வீடானாலும் சரி, கிளினிக் வாங்கானாலும் சரி, இளம் தாய்மார் இருவர் சந்தித்தால் இந்த முறைப்பாடு எழாமல் இருப்பது அபூர்வம். மாமி ஒரு யோசனை சொல்வார். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையின் கொழுத்த கன்னத்தைக் காட்டுவார். ‘தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது’ என்ற சொல்லும் எங்கிருந்தோ காதில் விழும். அந்த வேதனையெல்லாம் இறுதியில் எங்கே போய் முடிகிறது? ஒரு பிடி சோற்றுக்காகப் பிள்ளையின் முதுகில் விழும் அடியில். உம்மாவின் கண்ணிலும் நீர், பிள்ளையின் கண்ணிலும் நீர். அல்லாஹ் வழங்கிய ரிஸ்க்கின் முன்னால் ஒரு சிறு பிள்ளை அச்சத்தோடு அமர்வது நியாயமாகுமா? சிந்தித்துப் பாருங்கள்.

முதலில் பதிவேட்டைப் பாருங்கள்

பிள்ளை சாப்பிடுவது போதுமா என்பதைப் பீங்கானில் மிஞ்சிய சோற்றைக் கொண்டு தீர்மானிக்காதீர்கள். கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகளின்படி, இரண்டு வயது நிரம்பிய ஆண் பிள்ளையின் நடுத்தர நிறை ஏறத்தாழ 12.2 கிலோ, பெண் பிள்ளைக்கு 11.5 கிலோ. ஆயினும், ஆண் பிள்ளைக்கு 9.7 கிலோவும் பெண் பிள்ளைக்கு 9 கிலோவுமே வழமையான எல்லையின் கீழ்க்கோடுகளாகும். அதாவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட இரண்டு கிலோ குறைந்த பிள்ளையும் முழு ஆரோக்கியத்துடன் இருக்கலாம்.

ஒரு தடவை நிறுத்த நிறையை விட, மாதந்தோறும் கோடு செல்லும் திசையே முக்கியமானது. தாயும் தகப்பனும் மெலிந்தவர்களாயின் பிள்ளையும் மெலிந்திருக்கக்கூடும். கீழேயே சென்றாலும் கோடு தன் பாதையில் ஏறிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது படுத்துவிட்டாலோ கீழ் நோக்கி இறங்கினாலோ தான் கவனம் தேவை.

பசி ஏன் குறைகிறது?

பிறந்த நிறை ஐந்தாறு மாதத்தில் இரு மடங்காகிறது. ஒரு வயதில் மும்மடங்காகிறது. அதன் பின்னர் அந்த வேகம் இல்லை. இரண்டாவது வருடம் முழுவதிலும் ஏறுவது ஏறத்தாழ இரண்டரை கிலோ மாத்திரமே. வளர்ச்சி நிதானமாகும் போது பசியும் நிதானமாகிறது. இது நோயல்ல; படைத்தவனின் ஏற்பாடு.

அதே வயதில் தான் பிள்ளைக்குப் புதிய உணவின் மீது ஓர் அச்சமும் தோன்றுகிறது. நேற்று விரும்பித் தின்ற கரட்டை இன்று தள்ளிவிடும். ஒரு புதிய உணவைப் பத்துத் தடவைக்கு மேல் கண்டு, தொட்டு, ருசித்த பின்னரே ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பலர். நாமோ இரண்டு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு, ‘இவனுக்குக் கீரை ஒத்துக்கொள்ளாது’ என்று தீர்ப்பெழுதி விடுகிறோம்!

உம்மாவின் வேலை, பிள்ளையின் வேலை

அமெரிக்கப் போஷாக்கு நிபுணர் எலின் சாட்டர் 1980களில் இதற்கோர் எளிய விதியை வகுத்தார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பவற்றைத் தீர்மானிப்பது பெற்றோரின் வேலை. உண்பதா இல்லையா, எவ்வளவு உண்பது என்பதைத் தீர்மானிப்பது பிள்ளையின் வேலை. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்கும் போது தான் சண்டை பிறக்கிறது.

‘விட்டுவிட்டால் பிள்ளை பட்டினியல்லவா கிடக்கும்?’ என்று நீங்கள் கேட்கலாம். கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கச் சிறுவர் வைத்தியர், தாய்ப்பால் மறந்த 15 பிள்ளைகள் பற்றிய தமது ஆய்வை 1939இல் விரிவாக வெளியிட்டார். அவர்கள் முன் வெவ்வேறு உணவுகள் வைக்கப்பட்டன. மொத்தப் பட்டியலில் 34 உணவுகள் இருந்தன. எவரும் வற்புறுத்தக்கூடாது, பிள்ளை காட்டுவதை மட்டுமே ஊட்ட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகத் தின்றது. ஆயினும் எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தப் பட்டியலில் இனிப்புப் பண்டமோ, பெக்கட்டில் அடைத்த தீனோ இருக்கவில்லை. எதைத் தெரிந்தாலும் நல்லதாகவே இருந்தது. பிள்ளைக்குத் தெரிவைக் கொடுங்கள். ஆனால் தெரிவுப் பட்டியல் உம்மாவின் கையில் இருக்கட்டும்.

நபிகளாரின் முன்மாதிரி

நபி (ஸல்) அவர்கள் உணவில் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. உடும்பு இறைச்சி பரிமாறப்பட்ட போது, அது ஹராம் அல்ல, ஆனால் தமது ஊரில் இல்லாத உணவாகையால் மனம் நாடவில்லை என்று கூறினார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரழி) அவர்கள் அதை உண்டார்கள். பழக்கமில்லாத உணவு பெரியவர்களுக்கே மனதுக்குப் பிடிக்காமல் போகலாம் எனும்போது, இரண்டு வயதுப் பிள்ளையை மட்டும் குற்றவாளியாக்குவது எப்படி?

நபிகளாரின் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரழி) அவர்களின் கை சிறுவயதில் உணவுத் தட்டெங்கும் அலைந்தது. அண்ணலார் கையைத் தட்டிவிடவில்லை. பிஸ்மில் சொல்லவும், வலக் கையால் உண்ணவும், தனக்கு அருகில் உள்ளதை உண்ணவும் கற்றுக் கொடுத்தார்கள். பிள்ளை பெரியவர்களுடன் ஒரே தட்டில் இருந்தது என்பதையும் கவனியுங்கள். நமது சஹன் மரபும் அதுவேயல்லவா? வாப்பா கீரையை ரசித்துத் தின்பதைக் காணும் பிள்ளை, நாளடைவில் தானும் கை நீட்டும். வாப்பாவே ‘இண்டைக்கும் இந்த ஆணமா?’ என்று முகம் சுளித்தால் பிள்ளை கற்றுக்கொள்வதும் அதுவே.

மிஞ்சினால் வீண்விரயமாகாதா என்ற கவலை வேண்டாம். இரண்டு கவளம் அளவே முதலில் வையுங்கள். கேட்டால் மேலும் வையுங்கள்.

பசியைத் திருடுபவை

பல வீடுகளில் பிள்ளைக்குப் பசியில்லை என்பதல்ல உண்மை. பசி ஏற்கனவே நிரப்பப்பட்டு விடுகிறது. காலையில் பால் மா, பத்து மணிக்கு பிஸ்கட், நடுவில் டொபி, சோற்று நேரத்துக்கு முன்னர் இன்னொரு போத்தல் பால்! இந்த வயிற்றில் சோற்றுக்கு இடமெங்கே?

ஒரு வயதுக்கு மேல் இரண்டு கோப்பைப் பால், அதாவது ஏறத்தாழ அரை லீற்றர், ஒரு நாளைக்குப் போதுமானது. அளவு மீறிய பசுப்பாலும் பால் மாவும் இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கு வழிவகுக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் பசி மேலும் மந்தமாகும். தேநீர் வேண்டவே வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கிறது. தாய்ப்பாலை இதனோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். பாலூட்டலைப் பூர்த்தியாக்க நாடுவோருக்கு முழுமையான இரண்டு ஆண்டுகளை அல்குர்ஆன் (2:233) குறிப்பிடுகிறது. அதனைச் சாப்பாட்டுக்குப் பின்னர் கொடுங்கள்.

மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு சிற்றுணவு என நேரம் குறியுங்கள். இடைநேரத்தில் தண்ணீர் மட்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு வேளையை இழுக்காதீர்கள். கைபேசியில் கார்ட்டூன் காட்டி ஊட்டினால், பிள்ளை தன் பசியையும் அறியாது, நிறைவையும் அறியாது.

சிறிய வயிறு, சத்துள்ள கவளம்

அளவைக் கூட்ட முடியாத பிள்ளைக்குக் கவளத்தின் சத்தைக் கூட்டலாம். ஒரு கிராம் மாச்சத்து தருவது 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்புத் தருவதோ 9 கலோரி. ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் அல்லது பட்டரைச் சோற்றில் பிசைந்தால், அளவு கூடாமலே 40 கலோரி வரை கூடிவிடும். தண்ணீரான சொதியும் கஞ்சியும் வயிற்றை நிரப்புமே தவிர நிறையை ஏற்றா. நோன்பு காலத்தில் அரிசியும் இறைச்சியும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் காய்ச்சுகிறோமே, அதைப்போல் கெட்டியாகக் காய்ச்சிக் கொடுங்கள்.

விலையுயர்ந்த டின் மா தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பால் மா விலை எகிறியதை நாம் மறக்கவில்லை. ஒரு முட்டை, வறுத்துத் தூளாக்கிய நெத்தலி, பருப்பு, அவித்து மசித்த பயறு, கோழி ஈரல், முள் நீக்கிய சூடை மீன், வாழைப்பழம், அவகாடோப் பழம் ஆகியன போதும். பருப்புக்கும் கீரைக்கும் சில துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள். இரும்புச்சத்து நன்கு சேரும். நிறை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் திரிபோஷ கிடைத்தால், அது அந்தப் பிள்ளைக்கே சேரட்டும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்கிடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்: ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாகாது. ஐந்து வயதுக்கு முன் முழுக் கச்சான் கொட்டை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும்.

எப்போது வைத்தியரை நாட வேண்டும்?

இரண்டு மூன்று மாதம் நிறை ஏறாதிருத்தல், நிறை இறங்குதல், விடாத வயிற்றோட்டம் அல்லது வாந்தி, மலத்தில் இரத்தம், விழுங்கும் போது இருமலும் திணறலும், நீடித்த காய்ச்சல் அல்லது இருமல், வெளிறிய கண்ணிமை, விளையாட்டில் நாட்டமின்மை, விரல் விட்டு எண்ணக்கூடிய சில உணவுகளைத் தவிர மற்ற அனைத்தையும் மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் தாமதிக்காதீர்கள். இரத்தசோகை, பூச்சி, சிறுநீரில் கிருமித் தொற்று போன்றவை மறைந்திருக்கலாம். வைத்தியர் சொல்லாமல் பார்மஸியில் பசி சிரப் வாங்கி ஊற்றுவது, காரணத்தை மூடி மறைப்பதாகவே முடியும்.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை

மேற்சொன்ன இறைவசனம் பிள்ளைக்குப் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பால் மறக்கச் செய்வதைக் கூட இருவரும் பொருந்திக் கலந்தாலோசித்துச் செய்யும் காரியமாகக் காட்டுகிறது. எனவே பிள்ளையின் நிறைக்குத் தாய் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது இஸ்லாம் காட்டிய வழியல்ல. அடுத்த கிளினிக் நாளில் வாப்பாவும் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும். மாமிக்கும் அந்தக் கோட்டை அன்போடு காட்டுங்கள்.

இன்று பகல் பிள்ளையை உங்கள் அருகில் அமர்த்தி, பிஸ்மில் சொல்லி, நீங்களும் உண்ணுங்கள். ‘இன்னும் ஒரு வாய்’ என்று கேட்காதிருங்கள். சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். பொறுமை கொண்டால், இன்ஷா அல்லாஹ், பிள்ளை தானாகவே கை நீட்டும்.