கோட்டுக்குக் கீழே ஒரு குழந்தை

என் மகள் பிறந்தபோது எடை சரியாக இரண்டரைக் கிலோ. அதில் பத்து கிராம் குறைந்திருந்தாலும் ‘எடை குறைந்த குழந்தை’ என்று எழுதியிருப்பார்கள். நான் ஐந்தடிகூடக் கிடையாது. அவள் அப்பாவும் ஒல்லிதான். ஆனாலும் தென்காசியில் எங்கள் தெருவில் பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான்: “பிள்ளை ஏன் இப்படி ஒட்டிப்போய்க் கிடக்கு? பால் பத்தலையோ?”

தெருவில் கேட்பதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடலாம். டாக்டரே சொன்னால்? ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது 3.3 கிலோ இருந்தாள். டாக்டர் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார். புள்ளி அடிக்கோட்டுக்கும் கீழே விழுந்தது. “தாய்ப்பால் மட்டும் பத்தாதும்மா. ஒவ்வொரு தடவையும் அறுபது மில்லி பவுடர் பால் சேர்த்துக் கொடுங்க” என்று சீட்டில் ஒரு டப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தார். கூட வந்த அத்தை அங்கேயே பர்ஸைத் திறந்துவிட்டார். “வீட்ல போய் யோசிப்போம் அத்தை” என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பிறந்த சில நாளில் எந்தக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். 7 சதவீதம் வரை இறங்குவது சகஜம். 10 சதவீதத்தை எட்டினால் உடனே கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். என் மகள் இரண்டு வாரத்தில் 2.55 கிலோ. அங்கிருந்து நாலு வாரத்தில் 750 கிராம் ஏறியிருக்கிறாள். வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 27 கிராம்.

சரி, அந்தக் கோடு? அதற்கு மூன்றாம் சதமானம் என்று பெயர். ஆரோக்கியமான நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால், மூன்று பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வருவார்கள். வகுப்பில் அத்தனை பேரும் பாஸானாலும் கடைசி ரேங்க் ஒருவருக்கு இருக்கத்தானே செய்யும்? இயல்பிலேயே சின்ன உடம்பா, பால் போதாமல் இளைத்த உடம்பா என்று ஒற்றைப் புள்ளி சொல்லாது. புள்ளிகளைச் சேர்த்தால் வரும் சரிவுதான் சொல்லும். கோட்டுக்கு இணையாகவே ஏறினால் பெரும்பாலும் உடல்வாகு. தட்டையாகிவிட்டாலோ, கோடுகளைத் தாண்டித் தாண்டிக் கீழே இறங்கினாலோ காரணம் தேட வேண்டும். டாக்டர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை: பிறந்த அன்று கோட்டுக்கு மேலே இருந்தவள் இப்போது கீழே. முதல் இரண்டு வாரம் இறங்கி ஏறுவதிலேயே போய்விட்டது என்பது ஒரு காரணம். அது மட்டும்தானா என்று யாராவது பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கோடுகள் வந்த வழியும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1977-க்குப் பிறகு உலகமெல்லாம் புழங்கிய பழைய அட்டவணையில், கைக்குழந்தைகளின் அளவு அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஒரே வட்டாரத்தில் எடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு புட்டிப்பால் குழந்தைகள் தாய்ப்பால் குழந்தைகளைவிட வேகமாக எடை போடுவார்கள். அவர்களோடு ஒப்பிட்டால், நன்றாக வளர்கிற தாய்ப்பால் குழந்தையும் பின்தங்கியது போலத்தான் தெரியும். இதைச் சரிசெய்ய உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை அளந்து, தாய்ப்பால் குழந்தைகளை அளவுகோலாக வைத்து 2006-ல் புது அட்டவணை வெளியிட்டது. நம் நாட்டில் அளந்தது தெற்கு டெல்லியில். ஆகவே உங்கள் கையில் இருப்பது எந்த அட்டவணை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பவுடரை வாங்கவில்லை. ஆனால் பத்தாவது வாரம் 3.8 கிலோ. நாளுக்கு 18 கிராம்தான். இப்போது கணக்கே கையை உயர்த்தியது. அந்தத் தடவை ஊசி போட்டது ஆரம்ப சுகாதார நிலையத்தில். அங்கிருந்த நர்ஸ் அக்கா அட்டையைப் புரட்டிவிட்டு, “எங்க, இப்ப பால் கொடுங்க பாப்போம்” என்றார். அதுவரை எத்தனையோ பேர் அவளை எடை போட்டிருக்கிறார்கள். அவள் குடிப்பதை யாரும் பார்த்ததில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிரில் உட்கார்ந்து பார்த்தார். “காம்பை மட்டும் சப்பிட்டுக் கிடக்கா. சத்தம் வருது பாருங்க, பால் வரலை” என்றார். குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். இடது மார்பில் கொடுக்கும்போது வலது கையால் குழந்தையின் கழுத்தடியைத் தாங்கச் சொன்னார். காம்பு அவள் மூக்குக்கு நேரே. மேலுதட்டில் பட்டதும் கொட்டாவி விடுவதுபோல வாயை அகலத் திறந்தாள். அந்த நொடியில் முகவாய் முதலில் பதியுமாறு அணைத்ததும், காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ்ப்பகுதி வாய்க்குள் போய்விட்டது. “தாடை கீழே இறங்கி ஒரு கணம் நிக்குது பாருங்க. அப்பதான் வாய் நிறைய பால். அடுத்து விழுங்குவா.” காதைக் கிட்டே கொண்டுபோனேன். க்ளக், க்ளக் என்று கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கண் சொருகினாள். மார்பை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தச் சொன்னார் நர்ஸ். விட்ட இடத்திலிருந்து குடிக்க ஆரம்பித்தாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சின்னக் குழந்தைகளிடம் அந்தப் பழமொழியை நம்பி உட்கார முடியாது. பசித்தாலும் அழத் தெம்பில்லாமல் தூங்கிவிடும். துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பி, ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். ராத்திரியை விட்டுவிடக் கூடாது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம்.

பால் சுரப்பதன் கணக்கு எளிது. மார்பு காலியாகக் காலியாக வேகமாகச் சுரக்கும். நிறைந்தே கிடந்தால் சுரப்பு மட்டுப்படும். ஒவ்வொரு தடவையும் அறுபது மில்லி பவுடர் பால் உள்ளே போனால், குழந்தை வயிறு நிறைந்து தூங்கும், மார்பு காலியாகாது, அடுத்த நாள் பால் இன்னும் குறையும். அப்புறம் அறுபது போய் தொண்ணூறு. ‘எனக்குப் பால் வத்திப்போச்சு’ என்கிற பல பேருடைய கதை இப்படித்தான் தொடங்கியிருக்கும். எனக்கு நர்ஸ் சொன்ன வழி வேறு: குடித்து முடித்ததும் மிச்சத்தைக் கையால் பீய்ச்சி, வீட்டில் ஆச்சி எடுத்து வைத்திருந்த பால் சங்கிலேயே கொடுப்பது. கூடுதல் பால் போகும், அது என் பாலாகவே இருக்கும், சுரப்பும் கூடும்.

இதைப் படித்துவிட்டு டாக்டர் பேச்சைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைகூடச் சிறுநீர் போகவில்லை, எழுப்பினாலும் எழவில்லை, மஞ்சள் காமாலை கூடுகிறது, குடிக்கும்போது வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்கு வரவில்லை என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும். சிறுநீர்த் தொற்று, இதயக் கோளாறு, நாக்கு ஒட்டியிருப்பது என்று காரணம் பல இருக்கலாம். அப்போது குழந்தையின் வயிறு நிறைவதுதான் முதல் வேலை. தாயின் பீய்ச்சிய பால் முதலில். அது போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி. நம் நாட்டில் இது மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் தொடங்கியது. 2014 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளிலும் வந்தது. அதுவும் கிடைக்காவிட்டால் பவுடர் பால். அது மருந்து மாதிரி: அளவும் கெடுவும் சொல்லித் தர வேண்டும், எப்போது நிறுத்துவது என்பதையும் சேர்த்து.

சட்டமும் தாய் பக்கம்தான். 1992-ல் வந்த, 2003-ல் இன்னும் இறுக்கப்பட்ட மத்தியச் சட்டம் குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது, இலவச டப்பா கூடாது, மருத்துவப் பணியாளர்களுக்குக் கம்பெனிகள் பரிசு கொடுக்கக் கூடாது என்கிறது. தேவைப்பட்டால் டாக்டர் பரிந்துரைக்கலாம். ஏன் தேவை என்று நாமும் கேட்கலாம்.

பதினான்காவது வாரம் என் மகள் 4.6 கிலோ. ஆறு மாதம் முடிந்தபோது 5.8, அந்த மூன்றாம் சதமானக் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தாள். இன்னமும் தெருவில் ஒல்லிப்பிள்ளைதான்.

உங்கள் வீட்டிலும் சின்னக் குழந்தை இருந்தால் ஒரே தராசில், துணியும் டயப்பரும் இல்லாமல் எடை பாருங்கள். நனைந்த டயப்பரே நூறு கிராம் காட்டிவிடும். தினம் தினம் போட்டுப் பார்த்துக் கலங்காதீர்கள். ‘பவுடர் கொடு’ என்று யார் சொன்னாலும், சொல்வதற்கு முன் குழந்தை குடிப்பதை ஒரு தடவை முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டும் அதையே சொன்னால், டப்பாவைத் தயங்காமல் வாங்குங்கள்.