பிறர் உரிமையில் இயங்கும் ஸ்கிரிப்ட்

லினக்ஸ், யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு நிரல், அதை இயக்கும் பயனரின் உரிமைகளுடனேயே பொதுவாக இயங்கும். சில வேலைகளுக்கு இது போதாது. கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை, 'ரூட்' எனப்படும் நிர்வாகி மட்டுமே எழுதக்கூடிய கோப்பில் எழுத வேண்டும். இதற்காக டென்னிஸ் ரிட்சி 'செட்யூஐடி' முறையை உருவாக்கினார். இதன்படி, நிரலை யார் இயக்கினாலும் கோப்பின் உரிமையாளருக்குள்ள உரிமையில் அது இயங்கும். இதன் காப்புரிமைக்கு 1973இல் விண்ணப்பிக்கப்பட்டு, 1979இல் வழங்கப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்தில், மாணவரின் பயிற்சிக் கோப்பை ஆசிரியரின் கோப்புறையில் சேர்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று ஆசிரியரின் உரிமையில் இயங்குகிறது எனக் கொள்வோம். மதிப்பெண் கோப்பும் அதே கோப்புறையில் உள்ளது. ஸ்கிரிப்டை ஏமாற்ற முடிந்த மாணவர் மதிப்பெண்ணையும் திருத்திவிடலாம்.

ஏமாற்றும் வழிகள்

1. ஆள்மாறாட்டம்: கருனி ஸ்கிரிப்டின் முதல் வரியைப் படித்து, அதில் குறித்த வரிமொழிமாற்றியைத் தொடங்கும். வரிமொழிமாற்றி அதே பெயரில் கோப்பை மீண்டும் திறக்கும். இவ்விரண்டுக்கும் இடையே அப்பெயர் வேறொரு கோப்பைச் சுட்டுமாறு மாற்றப்பட்டால், புதிய கோப்பு ஆசிரியரின் உரிமையில் இயங்கும். இராமேசுவரத்தில் விசைப்படகுகள் மீன்வளத் துறையிடம் டோக்கன் பெற்றே கடலுக்குச் செல்கின்றன. ஒரு படகுக்கு டோக்கன் வாங்கிவிட்டு வேறு படகு புறப்பட்டால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. இங்கு நடப்பதும் அதுவே.

2. சூழல் மாறி: ஸ்கிரிப்டில் நகலெடுக்கும் கட்டளையின் முழுப் பாதை எழுதப்படாவிட்டால், அதே பெயரில் மாணவர் வைத்துள்ள போலி நிரல் இயங்கக்கூடும்.

3. எழுதும் உரிமை: ஸ்கிரிப்டையோ அது உள்ள கோப்புறையையோ மாணவர் திருத்த முடிந்தால், வேறு தந்திரமே தேவையில்லை.

தற்காப்பு

முதல் ஆபத்து காரணமாக, லினக்ஸ் கருனி ஸ்கிரிப்டுகளில் செட்யூஐடி குறியைப் பொருட்படுத்துவதில்லை. மாற்றாக 'சூடோ' கட்டளை பயன்படுகிறது. அதுவும் முழுக் காப்பன்று. 2011இல் சூடோவில் நுழைந்த பிழை ஒன்றை 2021 சனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளிப்படுத்தியது. அதைக் கொண்டு கணினியின் எந்தப் பயனரும் ரூட் ஆக முடிந்தது.

எனவே மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கட்டளைகளை முழுப் பாதையுடன் எழுத வேண்டும். சூடோவில் தேவையான ஒரே கட்டளைக்கு மட்டும் அனுமதி தர வேண்டும். 'விஐ' போன்ற உரைதிருத்திக்கு அனுமதி தருவது, அதற்குள்ளிருந்து எந்தக் கட்டளையையும் இயக்க வழிவிடும். ரூட் உரிமை தேவைப்படாத வேலைக்கு, அதற்கெனக் குறைந்த உரிமையுள்ள தனிப் பயனர் கணக்கே ஏற்றது.