கொப்பி வாங்கும் கணக்கு

புதிய கல்வியாண்டு வருகிறது என்றால் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். புதுக் கொப்பியின் வாசமும் புதுச் சப்பாத்தின் வெண்மையும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அதே நாட்களில் பெற்றோர்கள் ஒரு துண்டுக் கடதாசியில் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்கள். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அந்தக் கணக்கு இலேசில் முடிவதில்லை. குறைந்த பணத்தில் பாடசாலைப் பொருட்களை எப்படி வாங்கலாம் என்பதை, எனது ஊரான நல்லதண்ணியை உதாரணமாக வைத்து இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

நல்லதண்ணி மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் உள்ளது. பாவா ஆதம் மலை என்று நாம் சொல்வதும் அதே மலையைத்தான். டிசம்பர் போயா தொடக்கம் மே மாத வெசாக் போயா வரை இங்கு யாத்திரைக் காலம். வாப்பா ஒரு சிறிய கடை நடத்துகிறார். பாண், சீனி, தேயிலையோடு கொப்பி, பேனையும் விற்போம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். எனவே பாடசாலைப் பொருட்களை வாங்குபவர்களின் கஷ்டத்தையும் விற்பவர்களின் கஷ்டத்தையும் நான் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன்.

வழமையாகப் பாடசாலை ஜனவரி மாத ஆரம்பத்தில் தொடங்கும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சம்பளம் பத்தாம் திகதியளவில்தான் கைக்கு வரும். அதிலும் தீபாவளி முற்பணத்தின் தவணை கழிக்கப்பட்டிருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சீசன் தொடங்கிய கையோடு கடைக்குச் சாமான் போட்ட கடன் நிற்கும். ஆகவே செலவு முதலில் வருகிறது, பணம் பிறகு வருகிறது. இந்த இடைவெளியில்தான் சில பிள்ளைகள் முதல் வாரம் பாடசாலைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். சப்பாத்து இல்லை, கொப்பி இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வெட்கம். ஒரு வாரம் நின்ற பிள்ளைக்கு அடுத்த வாரம் பாடம் விளங்காது. பாடம் விளங்காத பிள்ளைக்கு நிற்பது பழகிவிடும். நாம் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

முதலில், எவை இலவசமாகக் கிடைக்கின்றன என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நமது நாட்டில் 1980 ஆம் ஆண்டு முதல் பாடநூல்களும் 1993 ஆம் ஆண்டு முதல் சீருடைத் துணியும் இலவசமாக வழங்கப்படுகின்றன. 2025 ஆம் கல்வியாண்டுக்காக, அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணங்கள் வாங்க 6000 ரூபாய் வழங்க அரசாங்கம் தீர்மானித்தது. மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளுக்கு 3000 ரூபாய் பெறுமதியான சப்பாத்து வவுச்சரும் வழங்கப்பட்டது. இவ்வாறான உதவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே டிசம்பர் விடுமுறைக்கு முன்னரே வகுப்பாசிரியரிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ விசாரிப்பது நல்லது.

துணி இலவசமானாலும் தையற்கூலி இலவசமல்ல. நமக்குக் கவுன், காற்சட்டை, பர்தா என மூன்றும் தைக்க வேண்டும். வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது கவுனின் கீழ் மடிப்பையும் காற்சட்டையின் மடிப்பையும் இரண்டு அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மடிப்பைப் பிரித்துவிட்டால் அதே உடுப்பு போதும்.

இரண்டாவது, பழைய கொப்பிகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டு முடிவில் உம்மா எங்கள் கொப்பிகளை எல்லாம் தரையில் பரப்பி, எந்தப் பாடத்துக்கு எத்தனை பக்கம் முடிந்திருக்கிறது என்று பார்ப்பார். கணிதத்துக்கு 200 பக்கமும் போதாமல் போயிருக்கும். வேறொரு பாடத்துக்கு 80 பக்கக் கொப்பியிலும் பாதி வெறுமையாக இருக்கும். அதன்படி இந்த ஆண்டுக்கு எந்தப் பாடத்துக்கு 80 பக்கம், எதற்கு 120, எதற்கு 200 என்று எழுதிக்கொள்வார். மீதி வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்தால் கணக்குச் செய்து பார்க்க ஒரு கொப்பி கிடைக்கும். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். வெற்றுத் தாளும் காசுதான்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். சீருடை, சப்பாத்து, இரண்டு மூன்று கொப்பி, பேனை, பென்சில் ஆகியவை முதல் நாளுக்கு வேண்டும். பாடக் கொப்பிகளைச் சம்பளத்துக்குப் பிறகு, ஆசிரியர்கள் கேட்கும் ஒழுங்கில் வாங்கலாம். வர்ணப் பெட்டி, செயற்பாட்டுக் கோவை போன்றவை தேவைப்படும்போது போதும்.

நான்காவது, எங்கே வாங்குவது என்ற கேள்வி. எங்கள் கடையை விட ஹட்டனில் கொப்பி விலை குறைவு என்பது உண்மை. நாங்கள் அங்கிருந்து கூலி கொடுத்துத்தான் கொண்டுவருகிறோம். ஒரு கொப்பிக்கு 30 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 12 கொப்பிக்கு 360 ரூபாய் மிச்சம். ஆனால் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் வேலை நாளில் ஹட்டனுக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதனோடு போக வர பஸ் காசு. பிள்ளையையும் கூட்டிப் போனால் இன்னொரு பஸ் காசு, தேத்தண்ணி, பணிஸ். 360 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் அதைப் போல நான்கு மடங்குக்கு மேல் இழப்பு. இதற்குப் பதிலாக மூன்று வீட்டுக்கு ஒருவர் ஞாயிற்றுக்கிழமை போய், டசின் கணக்கில் வாங்கி வந்தால் உண்மையிலேயே இலாபம். பிள்ளையின் பாதத்தைக் கடதாசியில் வரைந்து வெட்டிக் கொடுத்துவிட்டால் சப்பாத்தையும் அவரே வாங்கி வரலாம். ஆனால் சீசன் காலத்தில் போயாவை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது.

ஐந்தாவது, சப்பாத்து. எங்கள் ஊரில் மே மாதத்துக்குப் பிறகு விடாத மழை. ஒட்டு விட்டால் சப்பாத்து வாயைத் திறந்துவிடும். 1800 ரூபாய்ச் சப்பாத்து ஐந்து மாதம் வரும், 3000 ரூபாய்ச் சப்பாத்து ஓராண்டு வரும் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு மாதம் 360 ரூபாய், இரண்டாவதற்கு 250 ரூபாய்தான். ஓரம் தைத்த சப்பாத்தா, வெறுமனே ஒட்டியதா என்று வளைத்துப் பார்த்து வாங்குங்கள். தரம் ஒன்று பிள்ளைக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. சப்பாத்து தேய்வதற்கு முன்னர் கால் வளர்ந்துவிடும்.

ஆனால் ஜனவரியில் கையில் 3000 ரூபாய் இல்லாதவர் என்ன செய்வார்? 1800 ரூபாயை இரண்டு தடவை கொடுப்பார். இல்லாதவருக்கே செலவு கூடுகிறது. இதை எங்கள் கடைக் கணக்குக் கொப்பியில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இதற்கு எனக்குத் தெரிந்த வழி, ஜூலை மாதத்திலிருந்தே ஓர் உண்டியலில் மாதம் 500 ரூபாய் போட்டு வருவது. டிசம்பர் முடிவில் 3000 ரூபாய் சேர்ந்திருக்கும். ஒரு பிள்ளையின் சப்பாத்துக்கு அது போதும்.

பெற்றோர்களால் மட்டும் இது முடியாது. ஆசிரியர்கள் அடுத்த வகுப்புக்கான பட்டியலை டிசம்பர் விடுமுறைக்கு முன்னரே கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். மாணவிகளாகிய நாமும் ஒன்று செய்யலாம். உயர்தரம் முடித்துப் போகும் நாம், கொம்பாஸ் பெட்டி, அகராதி, குறிப்புக் கொப்பிகள், இன்னும் நல்ல நிலையில் உள்ள சீருடை ஆகியவற்றைக் கழுவித் துடைத்து நூலகத்தில் ஒப்படைப்போம். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று பெயர் எழுத வேண்டாம். வாங்கிக்கொள்ளும் தங்கை தலைகுனியாமல் வகுப்புக்குப் போக வேண்டும். அடுத்த ஜனவரியில், முதல் நாளிலேயே எல்லாத் தங்கைகளும் வந்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டால் அதுவே எனக்கு மகிழ்ச்சி.