அறிய வேண்டியதும் அறியத் தகாததும்

சீட்டாட்டம் என்றதும் முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர். திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதைக் கடிந்துரைப்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். பொருள் வைத்தாடும் சூதுக்காக நானும் வழக்காட வரவில்லை. ஆயினும் பணயம் எதுவுமின்றி, நால்வர் இரு சோடிகளாய் அமர்ந்து, அறிவை மட்டும் முதலாக இட்டு ஆடும் ஆட்டமொன்று யாழ்ப்பாணத்தில் உண்டு. முந்நூற்றுநான்கு என்பது அதன் பெயர். அதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் குறிகட்டுவானுக்குப் படகு ஓடாத நாட்களில் நெடுந்தீவில் இவ்வாட்டத்தை அருகிருந்து பார்த்திருக்கிறேன். ஆட்டமும் அத்தீவும் ஒருவகையில் உறவினர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரொன்றின் பெயரால் நெடுந்தீவை டெல்ஃப்ட் என்றழைத்தனர். ஜாக்கையும் ஒன்பதையும் ஏஸுக்கு மேலே வைக்கும் வழக்கமும் ஒல்லாந்தரின் ஆட்டங்களிலிருந்து வந்ததென்றே கருதப்படுகிறது. ஸ்கோப்பன், கிளாவர் என்னும் பெயர்கள் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றன.

ஏழும் அதற்கு மேற்பட்டனவுமாகிய 32 சீட்டுகளே இதற்கு வேண்டும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்பது மதிப்பு. எட்டும் ஏழும் வெறுஞ்சீட்டுகள். ஓரினத்துக்கு 76 ஆக, நான்கினத்துக்கும் 304. முதலில் நான்கு சீட்டுகளே கைக்கு வரும். அவற்றைக் கொண்டே கேள்வி கேட்க வேண்டும். பாதியாகிய 152ஐச் சற்றே கடந்து, 160இல் கேள்வி தொடங்குகிறது. வழக்கமான கணக்கில், தாழ்ந்த கேள்வியை வென்றால் ஒன்று, தோற்றால் இரண்டு. மூன்றுக்கு இரண்டு முறையேனும் வெல்லாதவன் வாயைத் திறந்தால் நட்டமே அடைவான். ஆசைக்கு அணை இவ்வாறு விதியிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

கேள்வியை வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். அது எவ்வினம் என்பதை ஏனைய மூவரும் அறியார். இறங்கிய இனம் கையில் இல்லாதவர் வேறொரு சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். துரும்பு வைத்தவர் மட்டும் அதனைப் பார்ப்பார். துரும்பாயின் வெளிப்படுத்துவார்; அன்றேல் வாய்திறவாது மீண்டும் கவிழ்த்துவிடுவார். அந்த மௌனமே ஒரு செய்தி. கிளாவரைக் கவிழ்த்துப் போட்டவர், கிளாவர் துரும்பன்று என்று அக்கணமே தெரிந்துகொள்கிறார். எதிரே இருக்கும் அவர் சோடிக்கோ, துரும்பு விழவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரே நிகழ்ச்சி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு அறிவைத் தருகிறது. யாருக்கு எது தெரியும் என்று கணிப்பதே தேர்ந்த ஆட்டம்.

இதனினும் நுட்பமானது ‘கப்ஸ்’ என்னும் விதி. எட்டுச் சுற்றும் தமக்கே என்று உறுதியானவுடன் அதனை அறிவித்தாக வேண்டும். பிழையாகச் சொன்னாலும் குற்றம். பிந்திச் சொன்னாலும் குற்றம். ஐந்து சுற்றுகளை ஒரு சோடி வென்றுவிட்டது என்று கொள்வோம். அதிலொருவர் கையில் துரும்பு ஜாக், கிளாவர் ஏஸ், கிளாவர் பத்து. அடுத்து இறக்குபவரும் அவரே. கிளாவர் ஜாக்கும் ஒன்பதும் முன்னரே விழுந்துவிட்டன. வெளியே இருப்பது ஒரே ஒரு துரும்பு. முதலில் ஜாக்கை இறக்கி அத்துரும்பைப் பறித்துவிட்டால் மற்ற இரண்டும் தப்பா. ஏஸை முதலில் இறக்கினாலோ வெட்டுப்படலாம். ஆகவே இறக்கும் வரிசையையும் அவர் சொல்ல வேண்டும். ஒன்பது விழுந்ததை மறந்து வாளாவிருந்தால், மூன்று சுற்றையும் வென்றும் அவர் தோற்றவரே! அறிந்திருக்கக் கூடியதை அறியாதிருந்ததற்கு இங்கே தண்டனை விதிக்கப்படுகிறது.

1925இல் அமெரிக்கரான ஹரல்ட் வாண்டர்பில்ட் கப்பற்பயணமொன்றில் வகுத்த கொன்ட்ராக்ட் பிரிட்ஜிலும் இதற்கு ஒப்பான விதி உண்டு. மிகுதிச் சுற்றுகள் தமக்கே என்பவர் ஆடும் வழியையும் கூற வேண்டும். ஐயம் எழுமாயின் தீர்ப்பு அவருக்கு எதிராகவே அமையும். ஆனால் பிரிட்ஜின் சட்டம் மறுபக்கத்தையும் வற்புறுத்துகிறது. சோடி நெடுநேரம் தயங்கிப் பின் கேள்வியைக் கைவிட்டால், அத்தயக்கத்திலிருந்து பெற்ற குறிப்பைப் பயன்படுத்தலாகாது. தகுதியான வேறு வழி இருந்தும் தயக்கம் காட்டிய வழியிலே சென்றவரின் பயனை நடுவர் பறித்துவிடுவார். தயங்கியது குற்றமன்று, அதனைக் கேட்டுக்கொண்டதே குற்றம்.

1965இல் புவனஸ் அயர்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், பிரித்தானியரான ரீஸும் ஷப்பிரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களால் குறிகாட்டினர் என்று குற்றஞ்சாட்டப்பட்டனர். உலகச் சம்மேளனம் அவர்களைக் குற்றவாளிகளெனக் கண்டது; இங்கிலாந்தில் நடந்த விசாரணையோ 1966இல் அவர்களை விடுவித்தது. ஆண்டுகள் பல சென்றும் அவ்விவாதம் ஓயவில்லை. சான்றுகளைக் கற்றறிந்த நடுவர்களே ஒருமுடிவுக்கு வரவியலாத இடம் அது.

நெடுந்தீவின் மரநிழலில் நடுவர் எவரும் இல்லை. துணைவரின் முகம் எதிரே இருக்கிறது. புருவம் அசைவதும் தெரிகிறது. கண்டும் காணாதவராய், விழுந்த சீட்டைக்கொண்டே எண்ணுகிறவர்தாம் அங்கு நல்ல ஆட்டக்காரர் எனப்படுகிறார். மாணவர்க்கு நினைவையும் கணக்கையும் நாம் கற்பிக்கிறோம். தேர்வு மண்டபத்தில் அயலவன் தாளைக் கண்ணுற்றும் படிக்காதிருக்கும் உரத்தை எப்பாடத்தில் கற்பிக்கிறோம்? அறிய வேண்டியதை விடாது அறிதலும், அறியத் தகாததை அறிய மறுத்தலும் ஒரே கல்வியின் இரு பாதிகள். அவ்விரண்டையும் எட்டுச் சீட்டுகளில் அடக்கிவைத்த ஆட்டத்தைச் சூதென்று ஒதுக்குவது முறையாகாது.