வாரம் முழுக்க காலேஜ், ஞாயிறு கிளினிக்: பிசியோதெரபிஸ்ட்டுக்கு ரெண்டும் ஒத்துவருமா?

பக்கவாதம் வந்த ஒருவர் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு, திருவேங்கடத்தில் உள்ள வீட்டுக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் ஒரு வரி: 'பிசியோதெரபி தொடரவும்.' பக்கத்தில் ஆள் கிடைக்காவிட்டால் எங்கே தொடர்வது? கால் இழுக்கும் ஒருவரை வாரத்துக்கு மூணு தடவை பஸ் ஏற்றி, சங்கரன்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ கூட்டிப் போக வேண்டும். கூடப் போகிறவருக்கும் அன்றைய கூலி போச்சு. எத்தனை வாரம் தாங்கும்?

பக்கவாதத்துக்குப் பிறகு உடம்பு வேகமாகத் தேறுவது முதல் மூணு மாதத்தில்தான். அதை விட்டால் பிறகு முன்னேற்றமே இல்லை என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஏறுவது மெதுவாகிவிடும்.

இப்போது இதே ஊரில் பிறந்து பிசியோதெரபி முடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். நகரத்தில் காலேஜ் வேலை கிடைத்தால் மாதச் சம்பளம், பதவி உயர்வு. ஊரில் கிளினிக் போட்டால் நோயாளிகள் உண்டு, வருமானம் நிச்சயமில்லை. ரெண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமா? சேர்த்தே செய்ய முடியாதா?

முடியும். சில நிபந்தனைகளோடு.

முதலில் தகுதி என்ன?

தமிழ்நாட்டில் பி.பி.டி. நீண்டகாலமாக நாலு வருடப் படிப்பு, ஆறு மாத இன்டர்ன்ஷிப் என்று இருந்தது. அதற்கு மேல் எம்.பி.டி. ரெண்டு வருடம். கிளினிக் நடத்த பி.பி.டி. போதும். காலேஜில் உதவிப் பேராசிரியர் ஆக எம்.பி.டி. வேண்டும். மேலே போகப் போக ஆராய்ச்சிக் கட்டுரை, பிஎச்.டி. எல்லாம் கேட்பார்கள்.

இத்துடன் 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிசியோதெரபி இந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது. படிப்பின் தரம், தொழில்முறைப் பதிவேடு ரெண்டுக்கும் இதுதான் அடிப்படை. அதாவது பாடம் எடுப்பவர், கிளினிக் நடத்துபவர் ரெண்டு பேரும் ஒரே பதிவேட்டுக்குள்தான் வருகிறார்கள்.

ஏன் ரெண்டும் வேணும்?

திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கம் வரும் உடம்பு வலிக்குக் காரணம் பெரும்பாலும் வேலைதான். கரிசல் காட்டில் குனிந்து களை எடுப்பவருக்கு இடுப்பு. தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு முட்டியும் கழுத்தும். விசைத்தறி முன்னால் நிற்பவருக்குக் காலும் தோள்பட்டையும்.

முட்டி வலிக்காரரிடம் 'சம்மணம் போடாதீங்க, நாற்காலியில உட்காருங்க' என்று சொல்வது புத்தகத்தில் சரி. தீப்பெட்டி ஆபீஸில் நாற்காலிக்கு எங்கே போவது? 'அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு நடங்க, கீழே ஒரு சின்னப் பலகை போட்டு உயரமா உட்காருங்க' என்றால் அவர் செய்யக்கூடும். தரையில் உட்கார்ந்து சம்பாதிக்கும் நாலு பேரைப் பார்த்தவருக்குத்தான் இது தோன்றும். அவர் அடுத்த நாள் வகுப்புக்குப் போனால், முப்பது மாணவர்களுக்கும் அது போய்ச் சேர்கிறது.

நோயாளியைத் தொட்டுப் பல வருடம் ஆன ஆசிரியரிடம் பாடம் இருக்கும், இந்தப் பலகை இருக்காது. கிளினிக் மட்டுமே நடத்துபவருக்கு வேறு சிக்கல். புதிய ஆய்வு படிக்க நேரமில்லாமல், எல்லோருக்கும் அதே மெஷினில் அதே 'கரண்ட்' வைத்து அனுப்பும் பழக்கம் வந்துவிடலாம். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்க எதிரில் மாணவர் இல்லை.

அடிலெய்டில் ஒருவர் செய்தார்

இந்த இரட்டை வேலைக்கு உலக அளவில் நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் (1924–2010). அடிலெய்டில் பாதி நேரம் சொந்தமாக நோயாளிகளைப் பார்த்தார். பிசியோதெரபி பள்ளியில் பகுதிநேரமாகக் கற்பித்தார். 1964-ல் முதுகெலும்பு சிகிச்சை பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. மூட்டை அசைக்கும் அழுத்தத்தை நாலு கிரேடாகப் பிரிக்கும் அவரது முறையை இன்றைக்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள்.

அவர் முறையின் உயிர் ஒரு எளிய பழக்கம். சிகிச்சைக்கு முன் எந்த அசைவில் வலிக்கிறது என்று பார். சிகிச்சை கொடு. உடனே அதே அசைவைத் திரும்பப் பார். மாறவில்லை என்றால் நீ முறையை மாற்று. தினமும் நோயாளியைப் பார்த்ததால் இது அவருக்குத் தெரிந்தது. கற்பிக்க வேண்டியிருந்ததால் இதை ஒழுங்காக வகைப்படுத்தினார்.

தமிழ்நாட்டுக்கும் இது புதுசு இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து, துறைத் தலைவராகி, 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தார். அவர் பிசியோதெரபிஸ்ட் இல்லை, மருத்துவர். ஆனால் வார்டில் வேலை செய்பவரே வகுப்பும் எடுப்பது என்ற ஏற்பாடு அப்படிப்பட்ட இடங்களில் சாதாரணம்.

நடைமுறையில் எப்படி?

மூணு வழி உண்டு.

ஒன்று, சொந்த ஆஸ்பத்திரி உள்ள காலேஜில் சேர்வது. காலையில் ஓ.பி., மதியம் வகுப்பு. தனியாகக் கிளினிக் தேவையில்லை. ஆனால் ஊருக்கு இதனால் நேரடிப் பலன் குறைவு.

ரெண்டு, முழுநேர ஆசிரியர் வேலையோடு மாலை அல்லது ஞாயிறு கிளினிக். திருநெல்வேலியில் வேலை, திருவேங்கடத்தில் ஞாயிறு கிளினிக் என்பது இந்த வகை. வேலை ஒப்பந்தத்தில் வெளி பிராக்டீஸுக்கு அனுமதி இருக்கிறதா என்று சேரும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தை பின்னால் உதவாது.

மூணு, கிளினிக் முழுநேரம், காலேஜில் வாரத்துக்குச் சில மணி நேரம் வருகைதரு ஆசிரியர். சுதந்திரம் அதிகம். ஆனால் இந்த அனுபவத்தைப் பதவி உயர்வுக்குரிய முழுநேரப் பணியாகக் கணக்கில் எடுக்காமல் போகலாம்.

எங்கே உதைக்கும்?

முதலில் நேர்மை. காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியை 'ஞாயிற்றுக்கிழமை என் கிளினிக்குக்கு வாங்க' என்று திருப்பிவிடக் கூடாது. பயிற்சி மாணவர்களைச் சொந்தக் கிளினிக்கில் சம்பளமில்லா வேலையாளாக வைப்பதும் தப்பு. மாணவர் சிகிச்சை கொடுப்பதாக இருந்தால், நோயாளியிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.

அடுத்து சொந்த உடம்பு. பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கே இடுப்பு, கழுத்து, கட்டைவிரல் வலி வருவது இந்தத் தொழிலில் தெரிந்த விஷயம். ஆறு நாள் காலேஜ், ஏழாவது நாள் முப்பது நோயாளிகள் என்றால் ரொம்ப காலம் ஓடாது. ஞாயிறன்று எட்டு பேர் மட்டும் என்று கணக்கு வைப்பது சோம்பேறித்தனம் இல்லை.

ஊருக்கு என்ன கிடைக்கும்?

ஞாயிறு ஒருநாள் கிளினிக் பக்கவாத நோயாளிக்குப் போதாது. ஆனால் அந்த ஒருநாளில் மனைவிக்கோ மகனுக்கோ பயிற்சியைக் கற்றுக்கொடுத்தால், மற்ற ஆறு நாளும் வீட்டில் நடக்கும். அடுத்த ஞாயிறு சரிபார்த்து மாற்றலாம். வீட்டாருக்குப் புரியும்படி சொல்லிக்கொடுப்பதும் ஒரு வகுப்புதான். வாரம் முழுக்க வகுப்பு எடுப்பவருக்கு அது கைவந்த வேலை.

நடுவில் அரசு உதவியும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் ஒரு சேவை. குடும்பத்தினர் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். ஊர்க் கிளினிக்காரரே நோயாளியை அதில் சேர்த்துவிடவும் செய்யலாம்.

திங்கட்கிழமை அவர் திருநெல்வேலி வகுப்பறைக்குத் திரும்புவார். டிஸ்சார்ஜ் சீட்டில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்று, நேற்றுப் பார்த்த வீட்டை வைத்தே மாணவர்களுக்குச் சொல்லலாம். அந்த வரிக்குக் கீழே யார், எந்தப் பயிற்சியை, எத்தனை தடவை, எங்கே என்று எழுதக் கற்றுக்கொடுக்கலாம்.