மலையேறுவோர் கடமை

அடையாற்றை அடுத்த எலியட்ஸ் கடற்கரைக்கு மாலையில் உலாவச் செல்லும் அன்பர்கள், மணல்மீது தனித்து நிற்கும் வெண்மையான மண்டபமொன்றைப் பார்த்திருப்பார்கள். அதனருகே அமர்ந்து சுண்டல் தின்போரில் எத்தனை பேர் அதன் வரலாற்றை விசாரித்திருப்பார்களோ, நாம் அறியோம். 1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அலையில் சிக்கித் தவித்தோரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி உயிர் நீத்த ஷ்மித் என்ற டென்மார்க் தேசத்து மாலுமியின் ஞாபகச் சின்னம் அது. ஆபத்தை நாடிச் செல்பவன் தன் உயிரை மட்டுமே பணயம் வைப்பதாக எண்ணுகிறான். உண்மையில், தன்னை மீட்க வருபவனுடைய உயிரையும், அவன் சம்மதத்தைக் கேளாமலே, ஜாமீனாக எழுதிக் கொடுத்து விடுகிறான். அம்மண்டபம் இதற்குச் சாட்சி.

கடலுக்குச் சொன்னது மலைக்கும் பொருந்தும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளிலிருந்து வாலிபர்களும் யுவதிகளும் சனி, ஞாயிறு தினங்களில் மலையேறப் புறப்படுவது இக்காலத்தில் வழக்கமாகி விட்டது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். வாரம் முழுவதும் நாற்காலியில் முடங்கிக் கிடக்கும் சரீரத்துக்கு மலைக்காற்றைப்போன்ற ஔஷதம் வேறில்லை. ஆனால் மலை, மெரினா நடைபாதை அன்று. இதைக் குரங்கணி நமக்குக் கற்பித்தது.

2018-ஆம் வருஷம் மார்ச் மாதம் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவினரும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து மற்றொரு குழுவினரும் தேனி ஜில்லாவில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தனர். பெண்கள் பலர் இருந்தனர். கோடையின் தொடக்கம், சரிவெங்கும் காய்ந்த புல். அதில் தீ பரவியது. சமவெளியைவிடச் சரிவில் தீ வேகமாக மேலேறும். ஜ்வாலை தனக்கு மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திக்கொண்டே செல்லும். திகைத்துச் சிதறி ஓடியவர்களுக்கு வழி தெரியவில்லை. முடிவில் 23 உயிர்கள் பலியாயின.

முதலில் ஓடி வந்தவர்கள் யார்? குரங்கணி கிராமவாசிகள். சம்பளமோ, சீருடையோ, பயிற்சியோ இல்லாத அம்மக்கள், புகை அடங்காத சரிவில் ஏறி, போர்வைகளையே டோலியாகக் கட்டி, தீயில் வெந்தவர்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். வன இலாகாவினரும், போலீஸாரும், தீயணைப்புப் படையினரும், விமானப்படை ஹெலிகாப்டர்களும் பின்னர் சேர்ந்தனர்.

குளிரும் நெருப்பைப் போலவே கொல்லும். 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத் தொடக்கத்தில், உத்தராகண்டத்தின் சகஸ்ரதால் ஏரிப் பாதையில் கடும் பனிக்காற்றில் சிக்கிய 22 பேரில் 9 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கர்நாடகத்திலிருந்து சென்றவர்கள். நமக்குக் கோடையாகத் தோன்றும் மாதம் அங்கே உறைபனிக் காலமாகி விடக்கூடும்.

இறந்தவர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அது நியாயமுமன்று. "அஜாக்கிரதையாகச் சென்றவர்களிடம் மீட்புச் செலவை வசூலிப்பதே தக்க பாடம்" என்று சிலர் வாதிக்கிறார்கள். இதை நாம் ஏற்பதற்கில்லை. பணத்துக்கு அஞ்சுபவன் கூப்பிடத் தயங்குவான். பகலில் கூப்பிட வேண்டியவன் இரவில் கூப்பிடுவான். இருளில் மீட்கச் செல்பவனுக்கே ஆபத்து இரட்டிக்கும். பிரிட்டனில் மலை மீட்புத் தொண்டர்கள் கட்டணம் வாங்காமலே உழைக்கிறார்கள். தண்டம் விதிப்பதைவிட முன்னேற்பாடே மேலானது.

குரங்கணிக்குப் பிறகு சர்க்கார் வாளாவிருக்கவில்லை. ஸ்ரீ அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. 2018-இலேயே மலையேற்ற விதிகள் பிறந்தன. 2024 அக்டோபரில் வன இலாகா 40 பாதைகளை, உள்ளூர் வழிகாட்டிகளுடன், முறையாகத் திறந்து வைத்தது. இவை நல்ல காரியங்கள். ஆனால் விபத்து நேர்ந்தால் முதலில் ஓடி வரப்போகிற கிராமவாசியின் கதி என்ன? மலையடிவாரக் கிராமந்தோறும் பத்து வாலிபர்களைத் தேர்ந்து, முதலுதவிப் பயிற்சியும், கயிறும், டோலியும், கம்பியில்லாத் தந்திக் கருவியும் அளித்து, அவர்கள் பெயரில் இன்ஷூரன்ஸும் செய்து வைப்பது சர்க்காருக்குப் பெருஞ்செலவாகாது. இதை இனியும் தாமதிக்கலாகாது.

சர்க்காரின் கடமை இவ்வாறிருக்க, மலையேறும் நம்மவர் கடமை யாது? காட்டுத் தீக் காலத்தில் மூடிய பாதையில் நுழையாதீர்கள். அனுமதி பெற்ற பாதையைவிட்டு விலகாதீர்கள். உள்ளூர் வழிகாட்டிக்குரிய கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள். கம்பளி, தண்ணீர், கைவிளக்கு மூன்றும் இல்லாமல் அடிவாரத்தைத் தாண்டாதீர்கள். எந்த வழியே சென்று எப்பொழுது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதி வைத்துச் செல்லுங்கள். வானம் கறுத்தாலும் புகை தெரிந்தாலும் திரும்பி விடுங்கள். சிகரம் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

கடற்கரையில் ஒரு மாலுமிக்கு மண்டபம் எழுந்தது. போர்வையில் டோலி கட்டியவர்களுக்கு நாம் எழுப்பக்கூடிய மண்டபம் ஒன்றுண்டு. அவர்கள் மறுபடியும் அத்தகைய பாரத்தைச் சுமக்க நேராதபடி நாம் நடந்துகொள்வதே அது.