இரட்டையருக்கு ஒரு சிறுதேர்

தமிழுக்கும் சிறுதேருக்கும் உள்ள உறவு பழையது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள், குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடுகிறார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சிறுதேர்ப் பருவம். அவையெல்லாம் குழந்தை உருட்டும் தேர்கள். குழந்தையை உள்ளே வைத்துத் தாய் உருட்டும் தேரைப் பற்றியது இக்கட்டுரை. அதிலும் ஒன்றல்ல, இரண்டு குழந்தைகளை ஒருங்கே ஏற்றிச் செல்லும் இரட்டைத் தள்ளுவண்டியைப் பற்றியது. தள்ளுவண்டி என்றதும் மாலை வேளையில் நம் கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் வேர்க்கடலை வண்டி நண்பர்களின் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல!

இயற்பியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சென்ற ஆண்டு என் அக்காவுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒரு பெண், ஓர் ஆண். தலைப்பிரசவமாதலால் தாய்வீட்டிலேயே இருந்தாள். ஊரார் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் கணக்கு ஆரம்பித்தது. குழந்தைகள் இரண்டு, அவளுக்குக் கைகளும் இரண்டு. இரு கைகளிலும் குழந்தைகள் இருந்தால் குடையை எந்தக் கையில் பிடிப்பது? கதவை எந்தக் கையால் திறப்பது? அம்மாவுக்கு மூட்டுவலி. அப்பாவுக்கு வெளியூர் வேலை. எனக்குக் கல்லூரி. ஆக, துணைக்கு ஆள் கிடைக்கும் நாளில்தான் அக்கா வாசலைத் தாண்ட முடியும் என்றாகிவிட்டது.

கைக்குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் போடும் தடுப்பூசிகளுக்குப் பிறகு 6, 10, 14 ஆகிய வாரங்களில் ஊசி போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். ஆட்டோவில் போகலாமே என்பீர்கள். குலுங்கி ஓடும் ஆட்டோவில் ஒருத்தியே இரண்டு கைக்குழந்தைகளை எப்படிப் பிடித்துக்கொள்வாள்? ஆறாம் வாரம் நான் உடன் சென்றேன். பத்தாம் வாரம் வரும்போது எனக்குச் செய்முறைத் தேர்வு. அதற்கென்ன, அதற்குள்தான் வண்டி வந்துவிடுமே என்றிருந்தோம். சென்னையில் வேலை பார்க்கும் அத்தான் தம் அரை மாதச் சம்பளத்தைக் கொட்டி, இரு குழந்தைகளும் பக்கம் பக்கமாகப் படுக்கும் அழகான வண்டி ஒன்றை அனுப்பியிருந்தார்.

வண்டி வந்தது. பிரித்து மாட்டினோம். கூடத்தில் தள்ளிப் பார்த்தோம், வெண்ணெயாய் ஓடியது. வாசலுக்குக் கொண்டுபோனோம். வண்டியின் அகலம் 78 செ.மீ. எங்கள் பழைய வீட்டு நிலைக்கதவின் இரு பக்கத்தையும் முழுவதும் திறந்தால் கிடைக்கும் வழி 72 செ.மீ. அந்த ஆறு செ.மீ. குறைவினால் பத்தாம் வாரத்து ஊசி தவறிப்போயிற்று. இரண்டு வாரம் கழித்துப் போட்டோம். தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம், விட்டுவிடத்தான் கூடாது என்று செவிலியர் ஆறுதல் சொன்னார். ஆனால் அன்று மாலை அந்த வண்டியின் மீது குழந்தைகளின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவின் முகத்தை நான் மறக்கவில்லை. அத்தான்மீது குறையில்லை. லிப்டும் அகன்ற கதவும் உள்ள தம் அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்து அவர் வாங்கினார். வண்டி ஓட வேண்டிய வழியோ வேறாக இருந்தது.

அன்று தொடங்கிய ஆராய்ச்சியில் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் சற்றே வரலாறு. 1733-இல் வில்லியம் கென்ட் என்ற ஆங்கிலேயக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்து கொடுத்தார். அதனைத் தாய் தள்ளவில்லை. சிறிய விலங்கு ஒன்று இழுத்தது. 1889-இல் வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற கறுப்பின அமெரிக்கர், குழந்தையின் முகம் தாயை நோக்கியும் வெளியை நோக்கியும் இருக்குமாறு திருப்பி வைக்கக்கூடிய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1965-இல் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், குடைபோல் மடங்கும் அலுமினிய வண்டியை வடிவமைத்தார். இவர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றியவர். விமானத்தின் கால்கள் மடங்கும் வித்தையே குழந்தை வண்டிக்கு வந்தது எனலாம். பிரபுவின் மாளிகையிலிருந்து பேருந்துப் படிக்கட்டுவரை வண்டி இறங்கி வந்ததற்கு மடங்கும் தன்மையும் எடைக் குறைவுமே காரணங்கள்.

இனி இரட்டை வண்டியின் வகைகளைக் காண்போம். முதல் வகையில் இருக்கைகள் பக்கம் பக்கமாக இருக்கும். இதில் இரு குழந்தைகளும் ஒரே காட்சியைக் காணும். ஒன்றுக்கு ஒன்று துணை. எடை சக்கரங்களின் மீது சமமாக விழுவதால் திருப்புவது எளிது. ஒரு குழந்தை கைக்குழந்தையாகவும் மற்றது மூன்று வயதாகவும் இருந்தால் மட்டும் வண்டி கனத்த பக்கமாகச் சற்று இழுக்கும். இதன் பெருங்குறை அகலம்.

இரண்டாம் வகையில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கைகள் அமையும். அகலம் ஒற்றை வண்டியை ஒட்டியே இருக்கும். குறுகிய வாசலுக்கும் கடைத்தெருவுக்கும் ஏற்றது. ஆனால் நீளம் அதிகம். திருப்ப இடம் வேண்டும். முன்னால் கனம் இருப்பதால் மேட்டில் ஏற்ற, கைப்பிடியை நன்றாக அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். பின் இருக்கைக் குழந்தைக்கு முன் இருக்கையின் முதுகுதான் காட்சி என்பது சில வண்டிகளில் உள்ள குறை.

மூன்றாம் வகை, இரட்டையருக்கன்றி முன்பின் பிறந்த உடன்பிறப்புகளுக்கானது. ஒற்றை வண்டியின் பின்புறம் சக்கரம் வைத்த சிறு பலகையைப் பூட்டி, மூத்த குழந்தையை அதில் நிற்க வைப்பது. இரண்டு வயதைத் தாண்டி, நடக்கவும் பிடித்துக்கொண்டு நிற்கவும் தெரிந்த குழந்தைக்கு இதுவே போதும். இன்னும் ஓராண்டில் முழுவதும் நடந்துவிடும் பிள்ளைக்காக இரட்டை வண்டி வாங்குவது வீண் செலவு.

அடுத்தது வயது. தலை நிற்காத குழந்தையைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைப்பதுபோல் வைக்கக்கூடாது. தலை முன்னால் தொங்கினால் மூச்சுக்குழல் அடைபடும். ஆகவே சுமார் ஆறு மாதம்வரை மட்டமாகப் படுக்க வைக்கும் இருக்கை தேவை. இரட்டையராயின் இரண்டு இருக்கைகளும் அவ்வாறு சாய வேண்டும். ஒன்று மட்டும் சாயும் வண்டிகளும் விற்கின்றன, ஏமாறக்கூடாது. இரு தோள்கள், இரு இடுப்புப் பக்கங்கள், கால்களின் நடுவே ஒன்று என ஐந்து இடங்களில் பிடிக்கும் வார் நல்லது. தேருக்கு முட்டுக்கட்டை எப்படியோ அப்படி வண்டிக்குப் பிரேக். கடையிலேயே மிதித்துப் பார்த்துத் தள்ளிச் சோதிக்க வேண்டும். ஐரோப்பியத் தர எண் இ.என். 1888, அமெரிக்கத் தர எண் ஏ.எஸ்.டி.எம். எஃப் 833 ஆகியவற்றில் ஒன்று வண்டியில் குறிக்கப்பட்டுள்ளதா என்றும் பார்க்கலாம். மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தைகள் எட்ட நிற்க வேண்டும். மடியும் மூட்டில் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனிகள் துண்டானதால், 2009-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து இலட்சம் வண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். சக்கரம் ஒன்று படியில் ஏற எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கை முதலாண்டு இயக்கவியலில் நாம் எல்லாரும் போட்டிருக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருக்கிறோம். அந்தக் கணக்கை மீண்டும் போட்டேன். எதிரே 5 செ.மீ. மேடு. சக்கரத்தின் ஆரம் 7.5 செ.மீ. என்றால், அச்சில் கிடைமட்டமாகத் தள்ளி அதனை ஏற்ற, சக்கரத்தின் மீதுள்ள எடையைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு விசை வேண்டும். ஆரம் 15 செ.மீ. என்றால் 1.1 மடங்கு போதும். சக்கரத்தின் ஆரமும் படியின் உயரமும் சமமானால் எந்தப் பலசாலியும் அப்படித் தள்ளி ஏற்ற முடியாது. தூக்கித்தான் வைக்க வேண்டும். வழுவழுப்பான தரையில் சின்னச் சக்கரம் பெரிய சக்கரம் என்ற வேற்றுமை தெரியாது. நம் தெருவில் முதல் பள்ளத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு பாடம் நெம்புகோல். காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டுவது எல்லாருக்கும் வழக்கம். பின்சக்கரத்துக்கு அப்பால் தொங்கும் அந்தக் கனம் வண்டியைப் பின்னால் சாய்க்கப் பார்க்கும். குழந்தைகள் உள்ளே இருக்கும்வரை தாங்கும். ஒன்றைத் தூக்கிய மறுகணம் வண்டி மல்லாந்துவிடும். பையை இருக்கைக்கு அடியிலுள்ள கூடையில்தான் வைக்க வேண்டும்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். வெயில் படாமலிருக்க வண்டியின் மேல் மெல்லிய துணியைப் போர்த்துகிறோம். சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த மெல்லிய துணியால் மூடியபோது உள்ளே வெப்பம் 2.6 டிகிரி கூடியது; துணியை நனைத்துச் சிறு விசிறியும் வைத்தபோது ஏறத்தாழ 5 டிகிரி குறைந்தது. நிழல் வேறு, காற்றோட்டம் வேறு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நீண்ட கூரையும் காற்றுப் புகும் வலைத்துணியும் உள்ள வண்டியே நம் நாட்டுக்கு ஏற்றது.

ஆக, கடைக்குப் போகும்முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, கதவு திறந்த நிலையில் வாசலின் குறுகிய இடம் எவ்வளவு, படி எவ்வளவு உயரம், மடக்கிய வண்டியை வைக்க எங்கே இடம், லிப்ட் இருந்தால் அதன் நீள அகலம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, அதனைத் தூக்கப் போகிறவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரட்டை வண்டிகள் பலவும் பத்துக் கிலோவுக்கு மேற்பட்டவை. கடைக்காரர் ஒரு கையால் தூக்கிக் காட்டுவார். பிரசவித்து மூன்று மாதமான தாய் தூக்க முடியுமா என்பதே கேள்வி.

எங்கள் வீட்டிலும் அப்படியே செய்தோம். அத்தான் சிறிது பணம் கூடக் கொடுத்துக் கடையில் வண்டியை மாற்றினார். புதியது ஒன்றன்பின் ஒன்றாக இருக்கை கொண்டது. அகலம் 60 செ.மீ.; இரு இருக்கைகளும் மட்டமாகச் சாயும்; சக்கரங்கள் பெரியவை. வாசற்படியின் உயரம் 15 செ.மீ. சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்றுக்கு மேற்படக்கூடாது என்பது கட்டட விதி. அதன்படி 180 செ.மீ. நீளத்தில் ஒரு பலகையைத் தச்சரிடம் செய்து வாங்கினோம். இரவில் அதனைத் திண்ணையில் தூக்கி வைத்துவிடுவோம்.

வீட்டு வாசலைச் சரிசெய்துவிட்டோம். தெருவை யார் சரிசெய்வது? நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், அதன் உயரம் 15 செ.மீ.க்கு மேற்படக்கூடாது என்று இந்தியச் சாலைப் பேராயம் 2012-இல் வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. அந்த அளவில் நடைபாதை இருந்தால் முதலில் வந்த 78 செ.மீ. வண்டியும் தாராளமாகப் போகும். எங்கள் தேரடி வீதி, பெரிய தேர் திரும்புவதற்கென்றே அளந்து விடப்பட்ட வீதி. தேருக்காக வீதியை அளந்த ஊரில், தாய் தள்ளும் சிறுதேருக்கு ஒரு முழம் வழி இல்லை. சக்கர நாற்காலியில் செல்பவருக்கும், கோலூன்றி நடக்கும் முதியவருக்கும் வேண்டியது இதே வழிதான். படித்து முடித்து அலுவலகங்களிலும் ஊராட்சிகளிலும் பொறுப்பேற்கப் போகும் நம்மில் சிலரேனும் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அடுத்த ஊசிக்கான புதன்கிழமை வந்தது. "நானும் வருகிறேன் அக்கா" என்றேன். "நீ காலேஜுக்குப் போடா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். பலகையில் மெல்ல இறங்கித் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மாலையில் வந்து ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆயிற்று" என்றவள், வேறொன்றைத்தான் சொல்ல ஆசைப்பட்டாள். வழியில் பூக்காரம்மாவிடம் நின்று, தானே பேரம் பேசி இரண்டு முழம் மல்லிகை வாங்கினாளாம். குழந்தைகள் பிறந்த பிறகு அவள் தன் கையால் கடையில் வாங்கிய முதல் பொருள் அது. வண்டியின் அடிக்கூடையில் இன்னும் அதன் வாசம் இருந்தது.